மாமாவின் அம்பாசடரும் ஒரு சின்ன வேக்குவம் டப்பாவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சு சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன வாரம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பத்திப் பேசினோம். இந்த வாரம் அப்படியே தலைகீழா, ஒரு 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4. அதுவும் முழுக் கார் இல்லை. என்ஜினுக்குப் பக்கவாட்டில் நிற்கிற டிஸ்ட்ரிபியூட்டர், அதன் இடுப்பில் ஒட்டியிருக்கிற உள்ளங்கை அகல டப்பா ஒன்று. அவ்வளவுதான் இன்னிக்கு விஷயம்.

கார் என் தாய்மாமாவோடது. வாலாஜாபாத்தில் இருக்கார். முன்னாடி டாக்ஸி ஓட்டினார். இப்போ வண்டி கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்குப் போகும். நம்ம வயசுப் பசங்களுக்கு இப்போ பழைய அம்பாசடர்ல உட்கார்ந்து போட்டோ எடுக்கணும்னு ஆசை வந்திருக்கு, அதனால முகூர்த்த மாசங்கள்ல அவருக்கு நல்ல வருமானம். மாமி சொல்றபடி பார்த்தா மாமாவோட மருந்துச் செலவு முழுக்க அந்த வண்டியிலிருந்துதான் வருது.

போன சீசன்ல ஒருநாள் காலையில், காஞ்சிபுரத்துக்கு மணப்பெண்ணை ஏத்திட்டுப் போறப்போ ஐயம்பேட்டை தாண்டினதும் ரேடியேட்டர் கொதிச்சிடுச்சு. பானெட்டைத் திறந்தா ஒரே ஆவி. பட்டுப்புடவையோட பொண்ணு ரோட்டோரம் நிக்குது. கடைசியில் ஷேர் ஆட்டோவில் மண்டபம் போனாங்க. மாமா வாடகையைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "இரும்பு விலைக்குப் போட்டுடலாம்டா"ன்னார். எனக்கு அது பொறுக்கலை. அடுத்த புக்கிங்குக்கு மூணு வாரம் இருந்தது. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா வித்துடலாம்னு ஒத்துக்கிட்டோம்.

ரேடியேட்டரைக் கழுவியாச்சு, தெர்மோஸ்டாட் மாத்தியாச்சு, ஃபேன் பெல்ட் மாத்தியாச்சு. சூடு குறையலை. இன்னொரு விஷயம்: நாலு பேர் ஏறி மேம்பாலம் ஏறினா என்ஜினுக்குள்ள யாரோ கோலிகுண்டைக் குலுக்குற மாதிரி சத்தம். மெக்கானிக்குங்க இதை நாக்கிங்னு சொல்வாங்க. ஒரே வண்டியில் இந்த ரெண்டு புகாரும் சேர்ந்து வந்தா, முதல்ல பார்க்க வேண்டியது ஸ்பார்க் எப்போ விழுதுன்னு.

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. ஊர்ல ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் இருக்கார், அறுபதைத் தாண்டியவர். வண்டிகிட்ட வந்து குனிஞ்சார். கார்புரேட்டரிலிருந்து என்ஜினைத் தாண்டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற மெல்லிய பைப்பைக் கையால தடவிக்கிட்டே வந்தார். முனையை உருவினார். உள்ளே ஒரு ஸ்க்ரூ முறுக்கி அடைச்சிருந்தது. "எத்தனை வருஷமா தம்பி இது இப்படி இருக்கு?" எங்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, அந்தப் பைப் எதுக்கு?

அட்வான்ஸ்னா நம்மளுக்கு சென்னையில் வீட்டு ஓனருக்குக் கொடுக்கிற பத்து மாச வாடகைதான் ஞாபகம் வரும். இங்கேயும் அதேதான், முன்கூட்டியே கொடுக்கிறது. பிஸ்டன் மேலே முழுசா வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க்கைக் கொடுத்துடணும். ஏன்னா பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வெடிகுண்டு மாதிரி ஒரே நொடியில் வெடிக்கிறதில்லை. பற்றி, பரவி, அழுத்தம் ஏற நேரம் எடுக்கும். கணக்குக்கு அதை 2 மில்லிசெகண்ட்னு வச்சுக்கோங்க. என்ஜின் 800 ஆர்பிஎம்ல ஐடில்ல ஓடும்போது அந்த நேரத்தில் கிராங்க் சுமார் 10 டிகிரி சுத்தும். 3000 ஆர்பிஎம்ல அதே நேரத்தில் 36 டிகிரி சுத்திடும். ஆக வேகம் கூடக் கூட ஸ்பார்க்கை இன்னும் இன்னும் முன்னாடி தள்ளணும்.

என் தாத்தா தறி நெய்தவர். கோர்வைச் சேலைக்கு ரெண்டு பேர் வேணும். கரைப் பக்கம் ஒரு பையன் உட்கார்ந்து நாடா தள்ளுவான். பாவு திறக்குறதுக்கு முன்னாடி தள்ளினா நூல் அறுந்துடும், லேட்டா தள்ளினா வேலை தங்கிடும். தாத்தா வேகமா மிதிச்சா பையனும் முன்கூட்டியே கையை எடுக்கணும். ஸ்பார்க் டைமிங்னா எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வருது.

ஆரம்ப காலத்தில் இந்தப் பையன் வேலையை டிரைவரே செஞ்சார். 1908ல வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கும். அது ஆக்சிலரேட்டர் இல்லை, ஸ்பார்க் நெம்புகோல். கையால முன்னும் பின்னும் நகர்த்திக்கிட்டே ஓட்டணும். அப்புறம் அதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிச்சுட்டாங்க. ஷாஃப்டோட சேர்ந்து சுத்துற ரெண்டு எடைக்கட்டிகள், அதைப் பிடிச்சு நிறுத்துற ரெண்டு ஸ்பிரிங். வேகம் கூடினா எடைகள் வெளியே விரியும், கேமை முன்னாடி தள்ளும். இதுதான் சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸ்.

ஆனா இந்த எடைகளுக்கு வேகம் மட்டும்தான் தெரியும், பாரம் தெரியாது. ரெண்டு சூழ்நிலையை நினைச்சுப் பாருங்க. ரெண்டிலும் என்ஜின் 2500 ஆர்பிஎம். ஒண்ணு, ஒரகடம் சாலையில் காலைப் பட்டும் படாம வச்சுக்கிட்டு நிதானமா போறீங்க. இன்னொண்ணு, ஆறு பேரை ஏத்திக்கிட்டு மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறீங்க. முதல் நிலையில் த்ராட்டில் கொஞ்சம்தான் திறந்திருக்கு. சிலிண்டருக்குள்ள போற கலவை குறைவு, அடர்த்தியும் குறைவு, அதனால மெதுவா எரியும். அதுக்கு ஸ்பார்க் ரொம்ப முன்னாடி வேணும். ரெண்டாவது நிலையில் சிலிண்டர் நெருக்கமா நிறையுது, வேகமா எரியுது. இங்கே அதே அளவு முன்னாடி கொடுத்தா, பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கிட்டு இருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போய், எரியாம மிச்சமிருக்கிற கலவை தானாவே வெடிக்கும். அந்தக் கோலிகுண்டு சத்தம் அதுதான். அது தொடர்ந்தா பிஸ்டன் தலையில் ஓட்டை விழக்கூட வாய்ப்பிருக்கு.

த்ராட்டில் குறைவா திறந்திருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம். முழுசா திறந்தா வெற்றிடம் காணாமப் போயிடும். அதாவது பாரம் எவ்வளவுன்னு என்ஜினே நமக்குச் சொல்லுது. அந்தச் சேதியைத்தான் மெல்லிய பைப் டப்பாவுக்குக் கொண்டுபோகுது. டப்பாவுக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங். வெற்றிடம் சவ்வை இழுக்கும், சவ்வோட சேர்ந்த கம்பி சிபி பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டை நகர்த்தும், ஸ்பார்க் முன்னாடி வரும். மேம்பாலத்தில் மிதிச்சா வெற்றிடம் போயிடும், ஸ்பிரிங் தட்டைத் திருப்பித் தள்ளிடும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. உங்க காரில் இசியூ பண்ற வேலையை இங்கே ஒரு ரப்பர் துண்டு பண்ணுது.

எங்க வண்டியில் அந்தச் சவ்வு எப்பவோ கிழிஞ்சிருக்கு. கிழிஞ்சா அதன் வழியா காற்று உள்ளே போகும், ஐடில் தடுமாறும். யாரோ ஒருத்தர் பைப்பில் ஸ்க்ரூ அடைச்சார், ஐடில் சரியாயிடுச்சு, காசு வாங்கிட்டுப் போயிட்டார். அது முதலுதவி, ஆனா அப்படியே நிரந்தரமாயிடுச்சு. வேக்குவம் அட்வான்ஸ் போனதும் சாதாரண ஓட்டத்தில் ஸ்பார்க் லேட்டா விழுது. எரிதல் லேட்டா முடியுறதால சூடு எக்சாஸ்ட் பக்கமும் தண்ணிப் பக்கமும் போகுது. அதான் ரேடியேட்டர் கொதிச்சது. பிக்கப் இல்லைன்னு மாமா சொல்ல, இன்னொரு இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை மொத்தமா முன்னாடி திருப்பி வச்சுட்டாங்க. அதுல பிக்கப் கொஞ்சம் வந்தது, கூடவே பாரத்தில் நாக்கிங்கும் வந்தது. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு.

இப்போ எதை வாங்கிப் போடுறது? இந்த அம்பாசடரில் இருக்கிறது 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் என்ஜின், பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு குடும்பம். அதுக்கான டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் வகை. 1961ல தொடங்கின லூகாஸ்-டிவிஎஸ் நம்ம பாடியில்தான் இருக்கு. ஒரு காலத்தில் இந்திய கார்களோட மின்சார சாமான்களுக்கு அதுதான் பெரிய பெயர். 2014ல உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்னுபோச்சு. அதனால இப்போ நாம தேடுறது பழைய சரக்கு, பழுது பார்த்த சரக்கு, இல்லைன்னா நகல்.

முதல்ல ஒரு கேள்வி கேட்டுக்கணும்: டப்பாவை மட்டும் மாத்தினா போதுமா, முழு டிஸ்ட்ரிபியூட்டரும் வேணுமா? மூடியைக் கழட்டி, ரோட்டர் உட்கார்ற ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. சுத்துற திசையில் கொஞ்சம் நகரலாம், ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டுவரணும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினா உள்ளே புஷ் தேய்ஞ்சிருக்கு, நாலு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி வேற வேற இருக்கும், என்ன பண்ணாலும் டைமிங் நிக்காது. எங்களோடது நல்லாவே ஆடிச்சு. முழுசாவே மாத்தினோம்.

இங்கேதான் நான் சொதப்பினேன். புதுப்பேட்டையில் ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சேன். லூகாஸ் வகை டப்பாக்களில் மூணு எண் குத்தியிருக்கும். உதாரணத்துக்கு 5-13-10. முதல் எண், எத்தனை அங்குலப் பாதரச வெற்றிடத்தில் இழுக்க ஆரம்பிக்கும்னு சொல்லுது. ரெண்டாவது, எத்தனையில் முழுசா இழுத்து முடிக்கும்னு. மூணாவது, அதிகபட்சம் எத்தனை டிகிரி. அந்த டிகிரி டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கோட பாதி வேகத்தில் சுத்துறதால, கிராங்கில் அது ரெண்டு மடங்கு, அதாவது 20 டிகிரி. நான் என்ன பண்ணேன்? கடைசி எண் பெருசா இருக்கிறதா பார்த்து எடுத்துட்டு வந்துட்டேன். போன் வாங்குறப்போ ரேம் பார்க்கிற மாதிரி.

மாட்டி ஓட்டினா பாரமே இல்லாத சமவெளி ரோட்டிலேயே சத்தம் வந்தது. அண்ணன் சிரிச்சுட்டார். "இது மார்க்கு இல்ல தம்பி, நூத்துக்கு நூறு வாங்க. வண்டிக்கு எது வேணுமோ அதுதான்." அவர் சொன்னது சரிதான். ஐடில் டைமிங், எடைகள் தர்ற அட்வான்ஸ், வேக்குவம் தர்ற அட்வான்ஸ், மூணும் சேர்ந்துதான் மொத்தம். ஒரு கணக்குக்கு 8 கூட்டல் 14 கூட்டல் 15 போட்டா 37 டிகிரி. ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணைக் குறைக்கணும், இல்லைன்னா நாக்கிங். அதனால பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் இருக்கிற எண்ணையும் டப்பாவில் இருக்கிற எண்ணையும் பிரஷ் போட்டுக் கழுவி, போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க. பி-சீரிஸும் அதோட தம்பி ஏ-சீரிஸும் ஒரே லூகாஸ் உடம்பைப் பயன்படுத்தியிருக்கு. ஒண்ணை எடுத்து இன்னொண்ணில் மாட்டலாம், வண்டி ஓடவும் செய்யும். ஆனா உள்ளே ஸ்பிரிங்கும் எடையும் வேற. மாட்ட முடியுது என்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

சில பேர் வேக்குவமே இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர் போடச் சொல்வாங்க, ரேஸ் வண்டியில் அப்படித்தான் இருக்கும்னு. உண்மைதான். ரேஸ் வண்டி எப்பவும் முழு த்ராட்டிலில் ஓடுது, அங்கே வெற்றிடமே கிடையாது, டப்பா இருந்தும் பிரயோஜனம் இல்லை. நம்ம வண்டி வாழ்நாள்ல முக்கால்வாசி பாதி த்ராட்டிலில்தான் ஓடும். ரோட்டு வண்டிக்கு வேக்குவம் இல்லாததைப் போடுறது என் கணக்கில் வீண் வேலை.

ரெண்டாவது தடவை எண் பொருந்துறதா எடுத்தேன். வாங்குறதுக்கு முன்னாடி கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை: டப்பாவோட குழாயில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி வாயால உறிஞ்சுங்க. உள்ளே தட்டு நகரணும். அப்படியே நாக்கால அடைச்சுப் பிடிங்க. தட்டு நகர்ந்த இடத்திலேயே நிக்கணும். மெதுவா திரும்பி வந்தா சவ்வு போச்சு. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுக்காதீங்க. அடுத்தது, தட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற குட்டி எர்த் ஒயர். தட்டு ஆடுறப்போ எல்லாம் இதுவும் வளையும், வருஷக்கணக்கில் வளைஞ்சு உறைக்குள்ளேயே அறுந்துடும். வெளியே பார்த்தா முழுசா இருக்கும். ஐடில்ல நல்லா ஓடி, வேக்குவம் இழுக்கிறப்போ மட்டும் மிஸ் ஆகிற வண்டிக்குப் பாதி நேரம் காரணம் இந்த ரெண்டு அங்குல ஒயர்தான்.

மாட்டுறது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. பேட்டரியைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. முதல் சிலிண்டர் பிளக்கைக் கழட்டி, ஓட்டையில் கட்டைவிரலை வச்சு என்ஜினைக் கையால சுத்துங்க. விரலைத் தள்ளிக்கிட்டுக் காற்று வந்தா அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். கிராங்க் புல்லியில் இருக்கிற வெட்டு, டைமிங் கவர் முனைக்கு நேரா வர்ற வரைக்கும் சுத்துங்க. எங்க வண்டியில் அந்த முனை கீழ்ப்பக்கம், படுத்துத்தான் பார்க்கணும். இப்போ பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு போட்டோ எடுத்துட்டு உருவுங்க. அடியில் இருக்கிற நாக்கு நடுவில் இல்லாம ஒரு பக்கம் தள்ளி இருக்கும், அதனால புதுசு ஒரே ஒரு விதமாத்தான் உட்காரும். உட்காரலைன்னா சுத்தியலைத் தேடாதீங்க, ரோட்டரை மெதுவா திருப்புங்க, தானா விழும்.

பாயிண்ட் இடைவெளியை டைமிங்குக்கு முன்னாடியே வைக்கணும், ஏன்னா இடைவெளி மாறினா டைமிங்கும் மாறும். 25டி4 வகைக்கு 0.014லிருந்து 0.016 அங்குலம், ஃபில்லர் கேஜ் லேசா உரசிக்கிட்டுப் போகணும். ஒயர் வரிசை 1-3-4-2. ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுத்தும், அந்தத் திசையிலேயே ஒயர்களைச் சொருகணும். இதை மாத்திச் சொருகிட்டு கார்புரேட்டரைத் திட்டினவங்க நிறைய பேர்.

இப்போ புல்லியை உங்க என்ஜின் மேனுவல் சொல்ற டிகிரிக்கு நேரா வச்சு, பேட்டரியை மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 12 வோல்ட் பல்பைக் கட்டுங்க. இக்னிஷன் ஆன். உடம்பை மெதுவா திருப்பினா பல்பு ஒரு இடத்தில் பளிச்னு எரியும். பாயிண்ட் திறக்கிற நொடி அது. அங்கேயே கிளாம்ப் போல்ட்டை இறுக்குங்க, ஆனா பல்லைக் கடிச்சுக்கிட்டு இல்லை, கிளாம்ப் உடைஞ்சா அதைத் தேடுறது தனிக் கதை.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட் இருந்தா சரிபாருங்க. அப்போ வேக்குவம் பைப்பைக் கழட்டி முனையை அடைச்சு வைக்கணும். இந்தத் தடவை திருப்பி மாட்ட மறக்காம! எங்க வண்டியில் பைப் கார்புரேட்டரோட த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்கிற துளையில் சேருது. ஐடில்ல தகடு மூடியிருக்கிறதால அங்கே வெற்றிடம் கிடையாது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் துளை வெற்றிடத்துக்குள் வந்துடும். அதனால பைப்பை மாட்டினதும் ஐடில்ல எதுவும் மாறலைன்னா பயப்பட வேண்டாம். லேசா த்ராட்டில் கொடுத்து லைட்டில் பாருங்க, குறி சட்டுனு தாவும். அந்தத் தாவலைப் பார்த்தப்போ நான் கத்தியே விட்டேன். மாமா ஏதோ ஷாக் அடிச்சிடுச்சுன்னு ஓடி வந்தார்.

கடைசி ஒரு மில்லிமீட்டர் வேலை ரோட்டில்தான் முடியும். டப்பாவோட பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஏ ஆர்னு குறி போட்டு. ஏ பக்கம் திருப்பினா அட்வான்ஸ், ஆர் பக்கம் திருப்பினா ரிடார்ட். பதினோரு கிளிக் ஒரு டிகிரி. நாலு பேரை ஏத்தி, டாப் கியரில் மேம்பாலம் ஏறி, முழுசா மிதிச்சுப் பார்த்தோம். சத்தம் வந்தா கொஞ்சம் ஆர் பக்கம். மூணு தடவை ஏறி இறங்கினோம். அண்ணன் பின் சீட்டில் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தார், தூங்குறார்னு நினைச்சேன், கேட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

புக்கிங் நாள்ல நானும் முன் சீட்டில் போனேன், தண்ணிக் கேனோட. ஐயம்பேட்டை வந்தப்போ மாமா டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. முள் நடுவுலேயே நின்னுச்சு. மண்டபத்தில் பொண்ணை இறக்கி விட்டோம். அன்னிக்கு மாமா சாப்பாட்டுப் பந்தியில் ரெண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கினார், அவருக்கு சுகர் இருக்கு. அப்புறம் ஒரு மாசம் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் போல கூடியிருந்தது. அதே சமயம் பிளக்கும் மாத்தினோம், அதனால மொத்தப் பெருமையையும் அந்த டப்பாவுக்கே கொடுக்க மாட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். புதுப் பாயிண்ட் போட்டா முதல் சில நூறு கிலோமீட்டரில் அதோட குதிகால் கேமில் உரசித் தேயும். இடைவெளி குறையும், டைமிங் பின்னாடி போகும். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் திரும்பவும் ஃபில்லர் கேஜ் போட்டுப் பாருங்க. மாமா வண்டிக்கு அந்த வேலை வர்ற ஞாயிறு. பழைய ஸ்க்ரூவை அவர் டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வச்சிருக்கார்.

அடுத்த வாரம் கார்புரேட்டர். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நாக்கிங் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பினாலும் சரி.